சளிக்குள் நீந்தியவை

2024 ஜூலை 16, செவ்வாய். 5.40க்கு எழுந்தேன். காப்பி, இரண்டு தோசை. 7.25க்கு ஈப்போவில் நான் வேலை செய்யும் பரிசோதனைக்கூடத்தில் இருந்தேன். வழக்கம்போல் முதலில் நுண்ணோக்கியின் லென்ஸைத் துடைத்தேன். அன்று என்னுடன் கணவரும் வந்திருந்தார்.

மலையோடையில் நண்பர்களுடன் குளித்துவிட்டு வந்த பிறகு அவருக்கு வயிற்றுப்போக்கு பிடித்தது. மூன்று வாரத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டார். வேறொரு கிளினிக்கில் மூன்று முறை மலம் சோதித்தும் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க ஏற்பாடு. அவருடைய அப்பா குடல் புற்றுநோயில் போனவர். அந்தச் சொல்லை வீட்டில் நாங்கள் இருவருமே உச்சரிக்கவில்லை.

முந்தைய நாள் மாலைதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"சாம்பிள் பாட்டில எப்படிக் கொண்டு போனீங்க?"

"ஐஸ் பெட்டியிலதான். கெட்டுப் போவக்கூடாதுல்ல?"

"மூணு தடவையுமா?"

"ஆமா லா. நெறைய ஐஸ் போட்டேன்."

கடலோரப் பாகான் டத்தோக்காரர். இறாலோ நண்டோ, ஐஸில் வைத்தால்தான் அவர் மனம் அடங்கும்.

"எங்க லேப்புக்கே வந்திருக்கலாம்ல?"

"உன் கூட்டாளிங்க பாப்பாங்க. வெக்கமா இருக்காது?"

குடலில் வாழும் சில நுண்ணுயிர்கள் உடல்சூடு இறங்கினாலே அடங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் உருக்குலைந்தும் போகும். அதனால் எங்கள் கழிவறைக்கே அவரை அனுப்பினேன். 8.12க்குப் பாட்டில் வெதுவெதுப்பாகக் கைக்கு வந்தது. சளி படிந்த இடத்தில் தொட்டு, இளஞ்சூடான உப்புநீரில் கலந்து, கண்ணாடித் தகட்டில் வைத்தேன்.

அங்கே இருந்தன. பிளந்த பேரிக்காய் போன்ற உடல், எட்டுச் சாட்டை இழைகள். தெளிந்த நீரில், மரத்திலிருந்து உதிரும் இலைபோல் புரண்டு புரண்டு போயின. அவ்வளவு சிறிய உயிருக்குத் தண்ணீரே குலா மலாக்கா வெல்லப்பாகுதான். சாட்டை நின்றால் உடலும் அங்கேயே நின்றுவிடும், ஒரு இழை தூரம்கூட வழுக்கிப் போகாது. சளியோ பாகுகூட இல்லை, பின்னிய வலை. ஒன்று அதற்குள் தலையை நுழைத்தது. சிக்கியது, அதிர்ந்தது, சளியின் இழைகளை வளைத்து விலக்கி மறுபக்கம் வந்தது. என் கணவரை இளைக்க வைத்தது அதுதான் என்பதை ஒரு நிமிடம் மறந்துபோனேன்.

குடும்பத்தாரின் பரிசோதனை முடிவில் நான் கையெழுத்திடுவதில்லை. உடன் வேலை செய்யும் அக்காவை அழைத்தேன். குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

"ஜியார்டியா. எவ்ளோ அழகா நீந்துது பாரேன்!" பிறகு வாசல் பக்கம் குரல் கொடுத்தார்: "அண்ணே, வயித்துக்குள்ள நீச்சல் குளமே நடத்துறீங்க லா!"

"அப்ப... அது இல்லையா?" என்றார் கணவர்.

ஓடைத் தண்ணீரில் தொற்றிய ஒட்டுண்ணிதான் என்று அன்று மாலை டாக்டர் கேமராவைத் தள்ளிவைத்தார். மாத்திரைக்குக் கேட்காவிட்டால் மட்டும் பார்க்கலாம் என்றார்.

மறுநாள் காலை 6.10க்கு, முதல் வேலையாக, கஞ்சி கொடுத்துவிட்டு முதல் மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.