நாத்தனாரின் எழுபது கிராம்

என் நாத்தனார் ஆனந்தவல்லியை நான் ஒருநாள் புகழ்ந்து பேசுவேன் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், அவர்கள் வாயில் சர்க்கரை போட்டிருக்க மாட்டேன். மிளகாய்த்தூளைத்தான் போட்டிருப்பேன்.

எனக்கும் அவளுக்கும் பதினெட்டு வருடச் சண்டை. சொத்துச் சண்டையில்லை, நகைச் சண்டையில்லை, சாப்பாட்டுச் சண்டை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே, எங்களுக்கு அடுத்த தெருவில்தான் அவளைக் கட்டிக்கொடுத்தது. மாப்பிள்ளை தமிழரசனுக்குச் சிங்கப்பூரில் வேலை. அதனால் வாரத்தில் நாலு நாள் மகாராணிக்கு என் வீட்டில்தான் சாப்பாடு. பருப்பு வைத்தால் வழவழ என்று இருக்கிறதாம். மீன் நாறுகிறதாம். பாலில் ஆடை, தயிரில் கட்டி, பனீர் ரப்பர், காளான் காதுமடல். முட்டை உடைக்கிற சத்தம் கேட்டாலே கொல்லைப்பக்கம் ஓடிவிடுவாள். கோழிக்குழம்பு வைத்தால் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு கறியை ஓரம் தள்ளுவாள். அவளுக்கு இறங்குவதெல்லாம் வெள்ளைச் சோறு, வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், கடைசியில் மோர்ச்சோறு. வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்களே, என் சமையல் அவளுக்கு அப்படி.

“உன்னையெல்லாம் ஒரு வாரம் பட்டினி போடணும்டி” என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன்! இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒன்று மட்டும் அப்போதும் மறுக்க மாட்டேன். வல்லி ரேஷன் கடையில் வேலை பார்க்கிறாள். ஊரில் நூறு பேர் நூறு சொல்வார்கள், ஆனால் வல்லி எடை குறைத்தாள் என்று ஒருத்தர் சொல்லிக் கேட்டதில்லை. சர்க்கரை போடும்போது தராசில் கடைசி எண் நின்று நிதானிக்கும் வரைக்கும் பையை எடுக்க மாட்டாள். வரிசையில் நிற்கிறவர்களே சலித்துக்கொள்வார்கள்.

என் வீட்டுக்காரர் பெயர் பஞ்சநதம். போன வருடம் சித்திரையில் அவருக்கு வயிறு வீங்கியது, கால் வீங்கியது, கண் மஞ்சளாயிற்று. தஞ்சாவூரில் ஒரு மாதத்துக்கு மேல் பார்த்து, அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். கல்லீரல் சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். உடனே ஊரில் முதல் கேள்வி, “குடிப்பாரோ?” எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு சொட்டு வாயில் பட்டதில்லை ஐயா அந்த மனுஷனுக்கு! சர்க்கரையும் கொழுப்பும் வருடக்கணக்காகச் சேர்ந்து ஈரலைக் கெடுத்திருக்கின்றன. மூன்று வேளையும் சோறு, அதன் மேல் ஓர் ஊற்று நெய், சாப்பிட்டதும் ஒரு தூக்கம். பரிமாறினவள் நான்தான்.

மூன்று மாதம் தாங்கலாம், அதற்குள் வேறு ஈரல் வைக்க வேண்டும், சொந்தக்காரர் யாராவது தன் ஈரலில் ஒரு பாதியைக் கொடுத்தால் பிழைப்பார் என்றார்கள். வெட்டினது இரண்டு பக்கமும் திரும்ப வளர்ந்துவிடுமாம். எனக்கு ரத்த வகை சேரவில்லை, சர்க்கரையும் இருக்கிறது. மகளுக்கு வயது பதினைந்து. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நான் சுவரைப் பார்த்து நின்றபோது வல்லிதான் பேசினாள். “அண்ணி, எனக்கும் அண்ணனுக்கும் ஒரே ரத்தம். என்னைச் சோதிக்கச் சொல்லுங்க.” தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பொய்யில்லை. தமிழரசனுக்கு போன் போட்டாள். அவர், “ஒன் அண்ணன், ஒன் முடிவு. நான் லீவு போட்டுட்டு வர்றேன்” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

சோதித்தார்கள். எல்லாம் சேர்ந்தது. ஆனால் அவள் ஈரலிலும் இருபத்திரண்டு சதவீதம் கொழுப்பு. அண்ணன் தங்கைக்கு ஒரே ரத்தம் மட்டுமா, ஒரே சோறும்தானே! எடை எழுபத்தெட்டு கிலோ. கொழுப்பு பத்துக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்போம், எட்டு வாரம் தருகிறோம் என்றார் டாக்டர்.

உணவுமுறை எழுதிக் கொடுக்கிற பெண் பெயர் சுமையா. நாகூர்க்காரப் பெண், இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். “அக்கா, ஒரு நாளைக்கு ஆயிரத்து எரநூறு கலோரிதான். ஆனா புரோட்டீன் எழுபது கிராம் கொறையவே கூடாது. கொறைஞ்சா கொழுப்பு கரையறதுக்குப் பதிலா ஒங்க சதை கரையும். அப்புறம் ஆபரேஷனைத் தாங்க மாட்டீங்க” என்றாள். முட்டை வெள்ளை, கோழி நெஞ்சுக்கறி, மீன், பனீர், பயறு, மீல்மேக்கர் என்று தாளில் எழுதினாள். அதில் வல்லி தின்கிற பொருள் ஒன்றுகூட இல்லை. பார்த்துப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது. இவளை நம்பியா என் தாலி?

என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள், லீவில் வந்த தமிழரசன் துணைக்கு இருந்தார். ஊருக்கு வந்ததும் வல்லி மூட்டை கட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். முதல் நாள் அவித்த முட்டையின் வெள்ளையை வாயில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, முட்டையும் வந்தது. பாசிப்பயறுச் சுண்டல் இரண்டு கரண்டிக்கு மேல் போகவில்லை. மூன்றாம் நாள் நான் ஒரு தந்திரம் செய்தேன். அடைமாவில் முட்டையை அடித்துக் கலந்து, சொல்லாமல் போட்டுவிட்டேன். ஒரு விள்ளல்தான். எழுந்து ஓடி வாந்தியெடுத்து, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

“அண்ணி, என்னை ஏமாத்தாதீங்க. சின்னப் புள்ளையா நான்? இதுல முட்டை இருக்குன்னு சொல்லிட்டுக் குடுங்க. நான் முழுங்கப் பாக்குறேன்.”

அன்றிலிருந்து சொல்லித்தான் கொடுத்தேன். அவளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். பாதி இறங்கும், பாதி திரும்பும். சோற்றைக் கையால் தொடவில்லை. எங்களுக்கு நான் சோறு வடிக்கிற வாசனை வரும்போது கொல்லையில் போய் உட்கார்ந்துகொள்வாள். விடியற்காலையில் வெண்ணாற்றங்கரையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பாள். மேட்டூர்த் தண்ணீர் வந்து குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. நடவுக்காரப் பெண்கள், “என்னக்கா, கழுதை தேஞ்சு கட்டெறும்பாகப் போறீங்களா?” என்று கேலி செய்வார்கள். “ஆமா, கட்டெறும்பாகத்தான் ஆகணும்” என்பாள் இவள்.

நாலு வாரம் கழித்துச் சென்னைக்குப் போனோம். இரண்டு கிலோதான் இறங்கியிருந்தது. கொழுப்பு பத்தொன்பது. அதைவிடக் கொடுமை, உடம்பில் சதை குறைந்திருந்தது. ரத்தத்தில் புரதம் போதவில்லை. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். என் வீட்டுக்காரர் அதே ஆஸ்பத்திரியில், ஆளைத் தெரியாமல் பிதற்றிக்கொண்டு படுத்திருந்தார்.

சுமையா எங்களை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். காலையில் என்ன, பதினோரு மணிக்கு என்ன, எண்ணெய் எவ்வளவு. எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில், “குடிக்கிறது என்னென்ன?” என்றாள்.

“தண்ணி. மோரு. அப்புறம் கஞ்சித்தண்ணி” என்றாள் வல்லி.

“கஞ்சித்தண்ணியா? எவ்வளவு?”

“காலையில ஒரு சொம்பு, மத்தியானம் ஒரு சொம்பு, பொழுதுபோனா ஒண்ணு. முட்டை இறங்காதப்ப பசி தாங்கணும்ல. உப்புப் போட்டுக் குடிச்சுக்குவேன்.”

சுமையா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கு அப்போதும் புரியவில்லை. “அது தண்ணிதானம்மா. சோறு ஒரு பருக்கை தொடலை அவ. நான்தான் வடிச்சுக் குடுக்குறேன்” என்றேன்.

“அக்கா, சோத்து மாவு கரைஞ்சு அந்தத் தண்ணியிலதானே இருக்கு! கொழகொழன்னு நிக்குதே, அது என்னன்னு நினைச்சீங்க? வயிறு அதுல ரொம்பிடுது. முட்டைக்கு எடம் எங்கே?”

எங்கள் பக்கத்தில் மாட்டுக்கும் கஞ்சிதான், மனுஷனுக்கும் கஞ்சிதான். காய்ச்சலென்றால் கஞ்சி, வெயிலென்றால் நீராகாரம். இலையில் விழுவதுதான் சோறு, சொம்பில் இருப்பது தண்ணீர். வேறு மாதிரி நினைக்க எங்களுக்குத் தெரியவே தெரியாது. நாலு வாரத்தை நானே வடித்து வடித்துச் சொம்பில் ஊற்றியிருக்கிறேன். தாழ்வாரத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். பாவி, என் புருஷனை நானே கொல்லப் பார்த்தேனே!

வல்லி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “நீங்க வடிச்சீங்க, நான் குடிச்சேன். இப்ப அழுதா நாலு வாரம் திரும்பி வருமா? எந்திரிங்க அண்ணி. இன்னும் நாலு வாரம் இருக்கு.”

சோறு தொடாத நாக்கு, கஞ்சியும் இல்லாத வயிறு, இரண்டையும் வைத்துக்கொண்டு ரயிலில் அவள் யோசித்த யோசனைதான் எங்களைக் காப்பாற்றியது. மயிலாடுதுறை தாண்டும்போது திடீரென்று கேட்டாள். “அண்ணி, எனக்குப் பிடிக்காததெல்லாம் எப்படி இருக்கு? வழவழ, கொழகொழ. பிடிச்சது? அப்பளம், வடகம். ருசி இல்ல பிரச்சினை, வழவழப்புதான். எல்லாத்தையும் மொறுமொறுன்னு பண்ண முடியுமா?”

பண்ண முடியுமாவா? பதினெட்டு வருடம் இவளுக்குச் சமைத்தவள் நான்! முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, தோசைக்கல்லில் தாள் மாதிரி பரப்பிச் சிறு தீயில் காயவிட்டேன். ஓரம் சுருண்டு அப்பளமாக வந்தது. மீல்மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து, மிக்ஸியில் உதிரியாகத் திரித்து, பீன்ஸோடு சேர்த்துப் பருப்பு உசிலி செய்கிற மாதிரி உசிலி செய்தேன். கோழிக்கறியை விரல் கனத்துக்குக் கிழித்து, ஒரு கரண்டி எண்ணெயில் சுருளச் சுருள வறுத்தேன். ஒவ்வொன்றையும் இன்னது என்று சொல்லித்தான் வைத்தேன். முட்டை அப்பளத்தை எடுத்தாள், நொறுக்கினாள், மென்றாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது.

“இன்னொண்ணு குடுங்க” என்றாள். அடுப்படியில் நின்று சத்தமில்லாமல் அழுதேன்.

பிடித்துத் தின்றாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருநாளும் பிடிக்கவில்லை. வாசனை இருக்கத்தான் இருந்தது. ஆனால் சின்னத் தராசு ஒன்று வாங்கி வந்து, வேகவைக்கும் முன்னால் ஒவ்வொன்றையும் நிறுத்தாள். நாளைக்கு ஆறு முட்டை வெள்ளை, ஐம்பது கிராம் மீல்மேக்கர், எண்பது கிராம் கறி, ஒரு கை வறுத்த கடலை. எழுபத்தொன்று வந்தால்கூட விடமாட்டாள், அறுபத்தொன்பது வந்தாலும் விடமாட்டாள். ஆடிப்பெருக்கன்று ஊரே ஆற்றங்கரையில் சர்க்கரைப் பொங்கலும் புளிச்சோறும் தின்றபோது, இவள் அம்மனுக்குக் கருகமணி போட்டுவிட்டு, படித்துறையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து உசிலி தின்றாள். “ஒரு வாய் பிரசாதம் எடுத்துக்கடி, சாமி கோச்சுக்கும்” என்றார்கள் பெண்கள். “சாமிகிட்ட அப்புறம் பேசிக்கிறேன், இப்ப டாக்டர்தான் கோச்சுக்குவாரு” என்றாள்.

எட்டாவது வாரம் எடை அறுபத்தொன்பது. கொழுப்பு எட்டு. டாக்டர் அறிக்கையை இரண்டு தடவை பார்த்தார். “எப்படிம்மா?” என்றார். “கஞ்சிய விட்டுட்டேன் சார்” என்றாள்.

அதற்குமேல் ஒரு குழு விசாரணை உண்டு. யாராவது வற்புறுத்துகிறார்களா என்று தனியாக உட்கார வைத்துக் கேட்பார்கள். இதைக் கொடுத்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று ஒருவர் கேட்டாராம். “அண்ணன் கிடைப்பாரு” என்றிருக்கிறாள். அத்தோடு அனுப்பிவிட்டார்கள்.

ஆவணி முதல் வாரத்தில் ஆபரேஷன். பதினான்கு மணி நேரம். இரண்டு பேரும் பிழைத்தார்கள். தெய்வமே என்று நான் மூச்சு விட்டேன். விட்டது தப்பு.

ஏழாம் நாள் வாய்வழியாகச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கினதும் என் வீட்டுக்காரர் சாப்பிட மாட்டேன் என்றார். வாயெல்லாம் மருந்துக் கசப்பு, எதைக் கண்டாலும் குமட்டல். புது ஈரல் வளரப் புரதம் வேண்டும், சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய் போட வேண்டிவரும் என்று நர்ஸ் சொல்லிப் பார்த்தார். நான் கெஞ்சினேன், திட்டினேன், காலைப் பிடித்தேன். அவித்த முட்டை வெள்ளையைக் கொண்டு போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். இரண்டு நாள் அப்படியே போயிற்று.

ஒன்பதாம் நாள் காலையில் வல்லி வந்தாள். வயிற்றில் தையல், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் தனக்கு வந்த தட்டோடு. நோய் தொற்றிவிடும் என்று நர்ஸ் உள்ளே விடவில்லை. வாசலிலேயே நின்றாள். தட்டில் இருந்தது அதே அவித்த முட்டை. அப்பளமாகக் காயவிட்டது இல்லை, வழவழவென்று முழுசாக. அண்ணன் பார்க்கும்படி ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. மென்று, விழுங்கி, சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கினாள்.

“அண்ணே, பசிக்கலன்னு சொல்றது ஒன் வயித்தைப் பத்தி. உள்ள இருக்கிறது என்னோட ஈரல். ரெண்டு மாசம் வாந்தி எடுத்து வாந்தி எடுத்து அதை ஒனக்குன்னு தயார் பண்ணுனேன். அதைப் போயிப் பட்டினி போடுறியே, நல்லா இருக்கா? ஒனக்கு வேணாட்டிப் போ. அதுக்குச் சாப்பாடு போடு.”

அவர் இந்தப் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். நான் ஊட்டினேன், அவர் தட்டில் இருந்த மூன்று முட்டை வெள்ளையும் உள்ளே போகிற வரைக்கும் அவள் வாசலைவிட்டு நகரவில்லை.