ஏழு பௌர்ணமியும் மூன்று கிலோவும்

2001 ஐப்பசியில் ஒரு காலை, என் ரத்தத்தை நானே எடுத்துப் பரிசோதித்தேன். செங்கம் சாலையில் ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் நான் லேப் டெக்னீஷியன். வெறும் வயிற்றில் சர்க்கரை 118. ஏதோ தவறு என்று மறுபடி பார்த்தேன். அதே 118. இது சர்க்கரை நோய்க்கு முந்தின நிலை, எடையைக் குறைத்தால் தப்பிக்கலாம் என்றார் டாக்டர். எனக்கு வயது இருபத்தாறு, எடை 81 கிலோ.

அந்த ஆண்டுதான் சர்க்கரையால் என் அம்மாவின் கால்விரல்கள் இரண்டை எடுத்திருந்தார்கள். தினமும் கட்டு மாற்றியது நான். அன்று கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டேன். ஏழு பௌர்ணமி கிரிவலம் வருகிறேன், இருபது கிலோ குறைய வேண்டும் என்று. கூடவே நானாக ஒரு திட்டமும் சேர்த்தேன். பௌர்ணமிக்கு முன் மூன்று நாள் தண்ணீர் மட்டும். வீட்டில் விரதம் என்றேன். விரதம் என்றால் எங்கள் வீட்டில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

முன் எடை, பின் எடை என்று நோட்டில் எழுதினேன். ஒவ்வொரு முறையும் மூன்று கிலோ குறைந்தது. அடுத்த பௌர்ணமிக்குள் அது திரும்பி வந்தது, சில சமயம் அரைக் கிலோ கூடவே வந்தது. காரணமும் நோட்டில் இருந்தது. வழி நெடுக அன்னதானம்: பொங்கல், புளியோதரை, சுண்டல், கேசரி. பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். மூன்று நாள் பசிக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது. ஒருமுறை பதினொரு தொன்னை. வீடு திரும்பிய பிறகும் அந்தப் பசி அடங்கவில்லை.

ஏழாவது, சித்திரைப் பௌர்ணமி. அடி அண்ணாமலை அருகே கண் இருட்டி விழுந்தேன். உடன் வந்த வசந்தி, என்னோடு வேலை செய்பவள், கடை பெஞ்சில் உட்கார வைத்து ஜூஸ் வாங்கிக் கொடுத்தாள்.

"ஏன்டி, மாசத்துல மூணு நாள் பட்டினி கெடக்குற. மீதி நாளெல்லாம் ஜாஸ்தியா துன்ற. கொறையலன்னா சாமி என்னடி பண்ணுவாரு?"

சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. மலையைப் பார்த்துக் கேட்டேன்: "சாமி, இனிமே கிலோ கணக்கு கேக்கல. தினமும் செய்ய முடியற மாதிரி ஒரு மனசக் குடு."

இரண்டு நாள் கழித்து, அலாரம் இல்லாமல் ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. எழுந்து நடந்தேன். அதுதான் பதில் என்று இன்றும் நம்புகிறேன்.

டாக்டரிடம் கேட்டுச் சிலவற்றை மாற்றினேன். தினமும் முக்கால் மணி நடை. இரவுச் சோறு பாதி, கீரையும் பயறும் அதிகம். டீயோடு போண்டா சனிக்கிழமை மட்டும். கிரிவலத்தில் ஒரே இடத்தில் ஒரு கை பிரசாதம். கால் ஆறிய பிறகு அம்மாவும் தெருமுனை வரை வந்தார். "நீ முன்னாடி போ, நான் ஆம்புலன்ஸ் மாதிரி பின்னாடி வரேன்" என்பார்.

முதல் மாதம் ஒரு கிலோ. இரண்டாவது மாதம் ஒன்றுமே இல்லை. பட்டினிக்குத் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. கோபுர வாசலில் நின்று அன்றைய நாளுக்கு மட்டும் பலம் கேட்டேன். கிடைத்தது.

2004-இல் எடை 67, சர்க்கரை 92. இது 2006. இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

இதே கவலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். பட்டினிக்கு நாள் குறிக்காதீர்கள். வைத்தியரைக் கேளுங்கள். நாளைக் காலைக்கு வேண்டிய பலத்தை மட்டும் அண்ணாமலையாரிடம் கேளுங்கள். நான் நடக்காமல் விட்ட நாட்கள் உண்டு. அவர் கொடுக்காமல் விட்ட நாள் இல்லை.