ரங்கூன் செய்தி வாசித்த உலகம்மா ஆச்சி

உலகம்மா ஆச்சி இறந்துவிட்டார்.

காலையில் லைப்ரரியன் மேடம் வாட்ஸப்பில் போட்டிருந்தார். ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் பார்த்தேன்... அப்படியே பஸ் ஏறிவிட்டேன். இப்போதுதான் உட்கார முடிந்தது.

ஆச்சி எனக்குச் சொந்தம் இல்லை. தென்காசி லைப்ரரியில் பழக்கம். தொண்ணூறு தாண்டியும் ஆட்டோ பிடித்துப் பேப்பர் படிக்க வந்துவிடுவார்.

சனிக்கிழமை மதியம் நான் அங்கே போவது படிக்க இல்லை. வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் என்னிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். லைப்ரரியில் ஒரு ஃபேன், ஒரு பெஞ்ச். எதற்கு வந்தாய் என்று கேட்க ஆள் இல்லை.

ஒருநாள் பேப்பர் மேஜையிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் எதிரே ஆச்சி.

"தூங்குட்டி. இங்கன யாரும் எழுப்ப மாட்டாவ. ஒன் பைய நான் பாத்துக்கிடுதேன்."

அப்படித்தான் பழக்கமானோம்.

இன்னொரு சனிக்கிழமை, வெளியே நல்ல சாரல். லைப்ரரியில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. அன்றைக்குத்தான் இதைச் சொன்னார்.

யுத்த காலம். ஆச்சிக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு ரங்கூனில் ஒரு கடையில் வேலை. ஜப்பான்காரன் குண்டு போட ஆரம்பித்ததும் கடிதம் நின்றுவிட்டது.

தென்காசியில் அப்போது ஒரு வாசகசாலை இருந்ததாம். சாயந்தரம் பேப்பர் வந்ததும் தையல்கடை அருணாசலம் அண்ணாச்சி சத்தமாக வாசிப்பார். படிக்கத் தெரியாதவர்களும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

எல்லாரும் ஆண்கள். பெண்கள் வரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. யாரும் வந்ததும் இல்லை... அவ்வளவுதான்.

வீட்டு ஆள் ரங்கூனில் இருந்த பெண்கள் மட்டும் வெளியே ஜன்னலுக்குக் கீழே நிற்பார்கள். ஆச்சியின் அம்மாவும். தண்ணீருக்குப் போகிற வழியில் சும்மா நின்ற மாதிரி, இடுப்பில் குடத்தோடு.

அந்த முகங்களைப் பார்த்தால் அண்ணாச்சிக்கு வாய் வராதாம். ரங்கூன் செய்தி என்றாலே, கப்பல் வருகிறது, நம்ம ஆட்கள் மெட்ராஸில் இறங்குகிறார்கள் என்று வாசிப்பார். முதலில் அது உண்மையாகத்தான் இருந்தது. கப்பல் வருவது நின்ற பிறகும் அதையே வாசித்தார்.

கப்பலில் இறங்கியவர் ரயிலில்தானே ஊருக்கு வர வேண்டும்... அம்மா தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தார். வருகிற மனுஷன் பசியோடு இறங்குவார் என்று தூக்குவாளியில் சோறு. அதைச் சுமப்பது ஆச்சி. வெயிலில் போய்த் திரும்பி வந்த அந்தச் சோறுதான் மதியம் எல்லாருக்கும்.

ஒருநாள் ஆச்சிக்குப் பொறுமை போய்விட்டது. அஞ்சாம் வகுப்பு வரை படித்த பிள்ளை. நேரே வாசகசாலைக்குள் ஏறிவிட்டார்.

"ஏட்டி, ஒனக்கு இங்கன என்ன சோலி?"

"போர்டுல எல்லாரும் வரலாம்னுதான போட்டிருக்கு."

எழுத்துக் கூட்டத் தெரிந்தால் வக்கீல் ஆகிவிடலாம் போல என்று ஒருவர் சிரித்தாராம். ஆச்சி அண்ணாச்சியின் கையில் இருந்த பேப்பரை வாங்கி விரித்தார்.

ரங்கூன் ஜப்பான்காரன் கையில் விழுந்து நாளாகியிருந்தது. கப்பல் எதுவும் இல்லை. தப்பித்தவர்கள் காட்டு வழியாக, மலை ஏறி நடந்து வருகிறார்கள். வழியிலேயே காய்ச்சல் கண்டு சாகிறார்கள்.

அண்ணாச்சி தலை நிமிரவில்லை. "அவிய மொகத்தப் பாத்துக்கிட்டு என்னால இத வாசிக்க முடியல தாயி."

ஆச்சி பேப்பரோடு ஜன்னலுக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாக வாசித்தார். காய்ச்சலையும் விடவில்லை.

வெளியிலிருந்து அம்மா கேட்டார்.

"அப்பம் நாளைக்கு ரெயிலடிக்குப் போவாண்டாமா?"

"போவாண்டாம்மா."

அம்மா குடத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பின்னாலேயே மற்றப் பெண்களும். ஆண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். சிரித்தவரும்தான்.

"கால் வலிச்சிருக்கும்லா. எத்தன நாளு நின்னுக்கிட்டே கேட்டாளுவ," என்றார் ஆச்சி.

அதிலிருந்து அந்தப் பெண்களுக்கு வாசிப்பது ஆச்சியின் வேலை ஆயிற்று. பேப்பரை விரிக்கும் முன்பே எல்லாரும் ஆச்சியின் முகத்தைத்தான் பார்ப்பார்களாம். பன்னிரண்டு வயது முகம்...

அந்த வருஷம் சாரல் தொடங்கின சமயம், பர்மாவிலிருந்து நடந்தே வந்த இரண்டு பேர் ஊர் சேர்ந்தார்கள். நேரே குற்றாலம் போய் அருவியில் நின்றுவிட்டுத்தான் தெருவுக்குள் வந்தார்களாம். வழியில் அப்பாவைப் பார்த்ததாக இருவருமே சொல்லவில்லை.

அம்மா மறுநாளும் பெஞ்சுக்கு வந்தார். யுத்தம் முடிகிற வரை வந்தார்.

"அப்பா வந்தாங்களா ஆச்சி?"

"வரல."

மழையைப் பார்த்தபடி, என்னிடம் இல்லாத மாதிரி சொன்னார்.

"நான் வாசிக்காம இருந்திருக்கலாமோன்னு இப்பமும் தோணுது கேட்டியா. எங்கம்மா அந்தச் சோத்து வாளியோட ரெயிலடிக்குப் போயிட்டு வந்துக்கிட்டாவது இருந்திருப்பா."

 டீ வாங்கி வரட்டுமா ஆச்சி என்று கேட்டேன். சீனி இல்லாமல் வாங்கி வரச் சொன்னார்.

இன்று சாயந்தரம் நாலு மணிக்கெல்லாம் ஆச்சியை எடுத்துவிட்டார்களாம். லீவு கிடைக்கவில்லை... நான் சரியாகக் கேட்கவும் இல்லை.

போதும் ஆச்சி. இனி யாருக்கும் எதையும் வாசித்துச் சொல்ல வேண்டாம்.