அரை ஏக்கர் நாற்று

இலங்கையில் விசுவமடுவுக்குக் கணக்கு வாத்தியாராகப் போய் இறங்கியபோது தஞ்சாவூரின் மொத்த கர்வமும் என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. நான் அந்நியன்; அனுமதிச் சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஊரார் வைத்த பெயர் இன்னும் மோசம்: வடக்கத்தியான். இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்தவனெல்லாம் அவர்களுக்கு வடக்கத்தியான்தான். காவிரிக் கரைக்காரனைப் பார்த்து வடக்கத்தியான் என்று சொல்ல என்ன துணிச்சல்!

முதல் மாரியிலேயே எனக்கு வெறுத்துவிட்டது. நாலு நாளானாலும் வேட்டி காயாது. உடுத்தினால் புளித்த நாற்றம். விறகு எரியாமல் குசினி முழுக்கப் புகை. சேற்றில் சைக்கிளை நான் ஓட்டியதைவிடத் தோளில் தூக்கிக்கொண்டு போனதுதான் அதிகம். காலையில் பிட்டு, இரவில் பிட்டு, எல்லாவற்றிலும் தேங்காய். காப்பி கேட்டால் ஒரு பனங்கட்டித் துண்டைக் கையில் கொடுத்து, கடித்துக்கொண்டு குடிக்கச் சொல்வார்கள். கர்மம்!

ஒரு கமக்காரர் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன்; விவசாயியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் கிணற்று நீர் இறைத்துப் புகையிலை போட்ட மனிதர்; அரசாங்கக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து நெல்லுக்கு வந்தவர். மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதையை வீசிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே எல்லாரும் அப்படித்தான். நாற்று விட்டு, பிடுங்கி நடுகிற பேச்சே இல்லை. கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி ஒரு விவசாயம்.

இரண்டாம் வருஷ விதைப்புக்கு முன்னால் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க ஊர்ல இப்படி வெதைச்சா சிரிப்பாங்க. நாத்து விட்டு நடுங்க. ரெண்டு பங்கு விளையும்."

அவர் தலையைச் சொறிந்தார். "மாரி அடிச்சுதெண்டால் நாத்து நிக்காது, மாஸ்டர்."

"படிச்ச மனுசன் சொல்லுறார். ஒருக்காச் செய்துதான் பாருங்கோவன்" என்றார் அவர் மனைவி, குசினியிலிருந்து.

அதுதான் அவர்களுடைய பெரிய முட்டாள்தனம். மாஸ்டர் சொன்னால் மறுத்துப் பேசமாட்டார்கள். கணக்குத் தெரிந்தவனுக்கு நெல்லும் தெரியும் என்று நினைப்பு. குளத்துக்குக் கீழே இருந்த அரை ஏக்கர் பள்ளக்காணியை எனக்காக ஒதுக்கினார். மற்ற வயல் நெல் விற்பனைக்குப் போகும். வீட்டுச் சோறு அந்தத் துண்டிலிருந்துதான்.

ஐப்பசியில் இருவருமாகக் குனிந்து நட்டார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று, "நெருக்கமா நடாதீங்க" என்று அதிகாரம் பண்ணினேன். ஊரில் அப்பாவின் வயலிலும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். சேற்றில் கால் வைத்ததே கிடையாது. அதை அவர்களிடம் சொல்லவில்லை.

நட்ட எட்டாம் நாள் அடைமழை பிடித்தது. குளம் நிரம்பிக் கலிங்கு வழியாக வான் பாய்ந்தது. வானம் வெளித்ததும் போய்ப் பார்த்தோம். பக்கத்து வயல்களில் புழுதியில் விதைத்த பயிர் அதற்குள் முழங்காலுக்கு வளர்ந்து, தண்ணீருக்கு மேலே தலை காட்டிக்கொண்டு நின்றது. எங்கள் துண்டில் வெறும் தண்ணீர். வேர் பிடிக்காத நாற்றெல்லாம் மிதந்துபோய் வரப்பு மூலையில் குப்பையாக ஒதுங்கிக் கிடந்தது.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் அவர் மண்ணை, அவர் குளத்தை, அவர் நாட்டையே சேர்த்துத் திட்டியிருப்பேன். "வாங்கோ மாஸ்டர், குளிர் பிடிக்கப்போகுது" என்றார், அவ்வளவுதான். குசினியில் அந்த அம்மா அவரிடம் மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது: "இனிச் சோத்துக்கு என்ன செய்யிறது?"

அன்று பின்னேரம் பக்கத்துக் காணிக்காரர் இரண்டு பேர் வந்து தாழ்வாரத்தில் நின்றார்கள். நான் அறைக்குள் இருந்தேன். இடையில் ஒரு மண்சுவர்.

"என்ன காணும், உந்த வடக்கத்தியான்ர கதையைக் கேட்டோ காணியைப் பாழாக்கினனீர்?"

"சீ, அவர் ஒண்டும் சொல்லேல்லை" என்றார் வீட்டுக்காரர். "எனக்குத்தான் விசர் பிடிச்சது. ஒருக்கா நட்டுப் பாப்பம் எண்டு நினைச்சனான்."

அவர்கள் அவரை முகத்துக்கு நேரே விசரன், பைத்தியக்காரன் என்று சொல்லிச் சிரித்தார்கள். கதவைத் திறந்து, நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் பள்ளிக்கூடத்துக் கொப்பி ஒன்றை மடியில் விரித்து வைத்துக்கொண்டேன். காவிரிக் கரைக்காரனாம்! அவர்கள் சிரித்து முடித்துப் போகும்வரை கொப்பியிலிருந்து தலையை எடுக்கவில்லை.