மாமரத்தூள் என்று சொன்னான்

கறம்பக்குடியில் திருமுருகன் கோழி சுடுவது மாட்டுத் தீவனத்தை எரித்துத்தான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கண்ணால் பார்த்தவர்கள் இருந்தார்கள். மூட்டையைப் பிரித்தாராம், சுண்டுவிரல் பருமனில் துண்டு துண்டாக அடுப்புப் பெட்டியில் கொட்டினாராம், மாடு தின்பதேதானாம். ஊர்ப்பேச்சை அப்படியே விழுங்கக் கூடாது என்று விசாரித்ததில், பேச்சு பொய். உண்மை அதைவிட மோசம்.

திருமுருகன் ஷார்ஜாவில் ஓட்டல் வேலையில் இருந்தவர். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் டிவி கொண்டு வருவார்கள். இவர் பெல்லட் அடுப்பு கொண்டு வந்து கோழிக்கடை போட்டார். மரத்தூளை இறுக்கிச் செய்த பெல்லட்டைக் கொட்டி மூடிவிட்டால், சூடு இறங்க இறங்க அடுப்பே எடுத்துப் போட்டுக்கொள்ளும். கோழி புகையிலேயே வேகும். பெல்லட் கொடுத்தது மச்சினன் வசந்தகுமார். அவனுக்குச் சொந்தமாகப் பெல்லட் மில் இருந்தது.

"வெறும் மாமரத்தூளு அத்தான். ஒங்களுக்குன்னு தனியாப் போடுறேன். ஒரு மூட்டை ரெண்டு நாளைக்கு நிக்கும்."

நிற்கவில்லை. மதியத்துக்குள் தீர்ந்தது. கோழி விற்ற காசை அடுப்பே தின்றது.

வசந்தகுமார் வந்தான். அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றிக் காரணத்தைக் கண்டுபிடித்தான்.

"மூடியை ஏன் அத்தான் சும்மா தொறக்குறீங்க? சூடு வெளிய போகுது. அது இன்னும் அள்ளிப் போடுது."

அதில் உண்மையும் இருந்தது. கறம்பக்குடியில் கண்ணால் பார்க்காமல் யார் கறி வாங்குகிறார்கள்? "தொடையக் காட்டுங்க தம்பி." "அங்கிட்டுத் திருப்புங்க, வெந்துருச்சான்னு பாப்போம்." வந்தவருக்கெல்லாம் மூடி திறந்தது. தப்பு தன்னுடையது என்று நம்பிய திருமுருகன் மூடிக்குப் பூட்டே போட்டார்.

"உள்ள கோழிய வச்சிருக்கியா, நகைய வச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போன வாடிக்கைக்காரி கண்ணாத்தாள் அப்புறம் வரவேயில்லை. மூட்டையோ அப்போதும் மதியத்தைத் தாண்டவில்லை.

அந்த நேரத்தில்தான் கண்ணுசாமி வீட்டுச் சம்பந்தி விருந்துக்கு ஆர்டர் வந்தது.

"இது நல்லா வந்துச்சுன்னா கடை நிக்கும். இல்லைன்னா திரும்ப ஷார்ஜாதான்" என்று மனைவி சரண்யாவிடம் சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தார்.

பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா ஒரு துண்டை வாயில் வைத்தார். மூக்கை உறிஞ்சினார். மறுபடி உறிஞ்சினார்.

"கறி பேஷ். நாலு நாளா அடைச்சிருந்த மூக்கு விட்டுருச்சு. தைலம் கிய்லம் தடவுனீங்களா தம்பி?"

பந்தியே சிரித்தது. கண்ணுசாமி மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த விருந்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த திருமுருகன் ஒரு கைப்பிடி பெல்லட்டை வெந்நீரில் போட்டார். கரைந்து மிதந்தது தைலமரத் தழை, தைலமரப் பட்டை, கொஞ்சம் கடலைத்தோல். தழையும் தோலும் எவ்வளவு நேரம் எரியும்? மாமரம் பேருக்குக்கூட இல்லை.

"சரண்யா, ஒன் தம்பி செஞ்ச வேலையப் பாரு."

அவள் பார்க்கவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"மரத்தூளு வெலை ஏறிப்போச்சாங்க. கொஞ்ச நாளைக்குக் கலந்துக்குறேன், அத்தான்கிட்ட சொல்லாதக்கான்னான்."

"அப்ப ஒனக்குத் தெரியும்?"

"மூடிதான் காரணம்னு நீங்களே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க. நான் என்னத்தச் சொல்ல?"

தம்பிக்காரன் ஏமாற்றினால் மில்லை மாற்றிக்கொள்ளலாம். பெண்டாட்டியும் சேர்ந்து மறைத்தால் எதை மாற்றுவது?

ஷார்ஜா விசாவுக்குச் சொல்லிவைத்த வாரம், வசந்தகுமார் மகளின் காதுகுத்துப் பத்திரிகை வந்தது. கடை திறந்த அன்று அவன் எழுதிய மொய் ஐந்நூற்று ஒன்று. இந்தப் பக்கத்தில் வாங்கிய மொய்யை, மேலே கொஞ்சம் போட்டுத் திருப்பி எழுதியே ஆக வேண்டும். மூட்டை மூட்டையாக ஏமாந்ததை அதில் கழித்துக்கொள்ள வழியில்லை.

"போயி எழுதிட்டு வந்துருங்க. நாலு பேரு பேசுவாங்க" என்றாள் சரண்யா.

"அவன் எனக்குத் தர வேண்டியத எந்தப் பந்தல்ல ஒக்காந்து எழுதுவான்? அதையும் கேட்டுச் சொல்லு."

காதுகுத்து முடிந்துவிட்டது. திருமுருகன் போகவில்லை. ஐந்நூற்று ஒன்று மொய் நோட்டில் இன்னும் அப்படியே நிற்கிறது.