அத்தா ஒப்பித்த கடல்

என் அத்தா அந்தக் காலத்தில் செல்போனுக்குள் இருந்தார். சவூதியில் வேலை. வெள்ளிக்கிழமையானால் அம்மாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு பேச ஆரம்பிப்பேன். சார்ஜ் தீர்ந்தால்தான் நிறுத்துவேன். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, வயலில் கிடந்ததென்று கல்லாகிப்போன நத்தை ஒன்றைக் கொண்டுவந்ததையும், அரியலூர் பக்கம் இதற்கென்றே ஒரு மியூசியம் இருப்பதாக டீச்சர் சொன்னதையும் அப்படித்தான் அவரிடம் அளந்தேன்.

“வந்ததும் கூட்டிட்டுப் போறேம்மா” என்றார் போனுக்குள் இருந்த அத்தா.

லீவில் வந்து இறங்கியவரோ வேறு யாரோபோல இருந்தார். போனில் முகம் மட்டும்தான் தெரியும். இவருக்கு நீளமான கைகால்கள், அத்தர் வாசனை, நிலைப்படியில் குனிந்து நுழைய வேண்டிய உயரம். ஐயோ, எனக்கு ஒரே வெட்கமாகப் போய்விட்டது. அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்தவள்தான், அவர் சாக்லேட் கொடுத்தால்கூட அம்மா கை வழியாகத்தான் வாங்குவேன்.

எங்கள் லெப்பைக்குடிக்காட்டில் லீவில் வந்த ஆள் சொந்தக்காரர் வீடு அத்தனைக்கும் போய் ஸலாம் சொல்லி, விருந்து சாப்பிட்டாக வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும் மனத்தாங்கல். அப்படித் தின்றே கரைந்த லீவின் கடைசி வாரம் வந்தபோதும், நான் அவரை ஒரு தடவைகூட ‘அத்தா’ என்று கூப்பிட்டிருக்கவில்லை. “சவூதிக்குத் திரும்பிப் போற நாளு வந்துருச்சு, புள்ள பக்கத்துலயே வர மாட்டேங்குது” என்று அவர் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்ததும் இன்னும் தள்ளிப் போனேன். பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கிறுக்குத்தனம் உண்டு.

அந்த வாரம்தான் மியூசியத்துக்குப் புறப்பட்டோம். பெரம்பலூரில் பஸ் மாறி, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் புழுதி தின்றுகொண்டு போனோம். நான் ஜன்னலோரம், அம்மா நடுவில், அத்தா அந்தக் கடைசியில்.

உள்ளே கால் வைத்ததும் எனக்கு வாய் அடைத்துவிட்டது. சுவர் நெடுகக் கண்ணாடிப் பெட்டிகள். பெட்டிக்குள் வண்டிச்சக்கரம் அளவுக்கு நத்தை! இடது பக்கம் திரும்பப்போன அத்தாவை அம்மா தடுத்தாள். அம்மாவுக்கு எதையும் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி, வலது பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். செருப்பானாலும் சட்டைக்கையானாலும் வலதுதான் முதலில்.

“பிஸ்மி சொல்லிட்டு வலப்பக்கமாப் போங்க.”

அத்தா ஒரு கணம் திகைத்து நின்றார். பிறகு நல்ல பிள்ளையாக வலப்பக்கம் திரும்பி, முதல் பெட்டி முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இது மரம்மா. ஒரு காலத்துல மண்ணுக்குள்ள பொதைஞ்சு கல்லாப் போயிடுச்சு.”

பெட்டிக்குள் இருந்தது சுருள்சுருளாக ஒரு நத்தை. அடுத்த பெட்டியில் சுறாவின் பற்கள். அதைக் காட்டி, “இது சிப்பி” என்றார். எனக்குத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியுமே, விடுவேனா? “அம்மா, போர்டுல பல்லுன்னு போட்டிருக்கு” என்றேன். அத்தா போர்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “எங்கயோ தப்பிப் போச்சும்மா” என்றார்.

அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். மதரசா ஆண்டு விழாவில் பேச்சு பாதியில் மறந்து மேடையில் நின்றபோது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். அன்றைக்கு உஸ்தாத் கீழே இருந்து, “மொதல்லேருந்து சொல்லு” என்றார். சொன்னேன், வந்துவிட்டது. மறந்தவர்களுக்கு அதுதான் மருந்து. இடது பக்கம் எட்டிப் பார்த்தேன். வாசலை ஒட்டிய பெட்டியில் கல்மரத் துண்டு ஒன்று கிடந்தது.

“அத்தா, மரம் அங்க இருக்கு. மொதல்லேருந்து சொல்லுங்க” என்று அவருடைய விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அவ்வளவுதான், மடை திறந்தாற்போல் வந்தது பேச்சு. “நாம நிக்கிறோமே, இங்கல்லாம் கடலும்மா. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு, ஆலத்தியூரு, ஒன் பள்ளிக்கூடம், அம்புட்டும் தண்ணிக்குள்ள. அதுல செத்த நத்தையும் சிப்பியும் படிஞ்சு படிஞ்சுதான் சுண்ணாம்புக்கல்லாச்சு. அதத்தான் வெட்டி சிமெண்ட் பண்ணுறாங்க. நம்ம வூடே நத்தை ஓட்டுல கட்டுனதுதான், பாத்துக்க!”

நான் அசந்துபோனேன். எங்கள் வீட்டுச் சுவருக்குள் கடலா! ஒவ்வொரு பெட்டியாக அவர் சொல்லச் சொல்ல, உலகத்தில் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் என் அத்தாதான் என்று முடிவே கட்டிவிட்டேன். கடைசிப் பெட்டி வந்தும் விரலை விடவில்லை.

வெளியே வரும்போது வாசலில் இருந்த காவலாளி எழுந்து சிரித்தார். “என்ன பாய், நேத்து பூரா ஒத்தையில சுத்திச் சுத்தி வந்து கேள்வி மேல கேள்வியாக் கேட்டீங்க. இன்னைக்குப் புள்ளையையும் கூட்டியாந்துட்டீங்களா?”

அம்மா நின்றுவிட்டாள். “நேத்து டிக்கெட் விஷயமா டவுனுக்குப் போறேன்னுதானே சொன்னீங்க?”

அத்தா தரையைப் பார்த்தார். “புள்ளகிட்ட என்னத்தப் பேசுறதுன்னு தெரியல. அதான் நாலு விஷயம் கேட்டு வச்சுக்கலாமேன்னு வந்தேன்.”

அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னை விட்டுவிட்டு நேற்றே தனியாக வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டாரே, இது என்ன நியாயம்? இவரைச் சும்மா விடக்கூடாது என்று, திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டை வேண்டாமென்று தள்ளிவிட்டு, தண்டனையாக அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். இறங்கச் சொன்ன அம்மாவை அவர் கையமர்த்தினார். பெரம்பலூர் வந்து எழுந்தபோது கால் மரத்துப்போய் நிற்க முடியாமல் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு மரத்துப்போயும் வழியில் ஒரு தடவைகூட ஏன் காலை மாற்றிப் போடவில்லை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.