பதினோராவது கால்

கட்டுக்காரரிடம் ஒரு ஆளின் முகத்தைக் காட்டி யாரென்று கேட்டால் திருதிருவென விழிப்பார். அதே ஆளின் கணுக்காலைக் காட்டினால் போதும், எந்த வருஷம் எங்கே சுளுக்கியது என்பது வரை ஒப்பித்துவிடுவார். பகலில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுகிற வேலை. சாயங்காலம் ரக்பி டீமுக்குக் காலில் டேப் சுற்றுகிற வேலை. முதலாவதற்குச் சம்பளம் உண்டு. இரண்டாவதற்கு ஒரு டீ உண்டு, அதுவும் ஆறிப்போய். ஆனாலும் மனிதர் பத்தொன்பது வருஷமாக இரண்டாவது வேலைக்குத்தான் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனார். அவர் மனைவி இதைச் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது.

மைதானத்துப் படிவரிசைக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. தைல வாடையும் ஈரக் காலுறை வாடையும் கலந்து அங்கே குடியிருந்தன. கட்டுக்காரர் தாழ்வான பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருப்பார். எதிரே ஒரு முக்காலி. ஆட்டக்காரர்கள் வரிசையில் வந்து வலது காலை அதில் தூக்கி வைப்பார்கள். அவர் டேப்பைச் சுற்றி முடித்து, அதன்மேல் நீலப் பேனாவால் ஒரு டிக் போட்டு, "அடுத்தது" என்பார். தலை நிமிர மாட்டார். அந்த டிக் முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. போகப்போக அதுவே சட்டமாகிவிட்டது. கட்டுக்காரரின் டிக் இல்லாமல் யாரும் மைதானத்தில் இறங்கக்கூடாது. ஆள் ஆடத் தகுதியா இல்லையா என்பது அவர் கையில் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் அந்த டிக் ஒருவனைக் கொன்றது. இப்படிச் சொல்வது அவர் ஒருவர்தான், வேறு யாரும் சொன்னதில்லை. கொக்கு என்று அவனைக் கூப்பிடுவார்கள். ஆறடிக்கு மேல் உயரம், குச்சிக் கால். ஆட்டம் தொடங்குமுன் நடந்த பயிற்சியில் எவனோ ஒருவனின் முட்டி தலையில் இடித்து, தலை லேசாகக் கனக்கிறது என்று வந்து உட்கார்ந்தான். கட்டுக்காரர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். சரியாகச் சொன்னான். "எனக்கு ஒண்ணுமில்ல" என்றான். காலில் பிரிந்திருந்த டேப்பை மாற்றி, டிக் போட்டு அனுப்பினார். அன்று மழைச் சேற்றில் ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போய்ப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் விதி என்றார்கள். சுலபமான வார்த்தை அது, டிக் போட்ட கைக்குத்தான் அது போதவில்லை.

அதற்குப் பிறகு டீம் சாண் ஏறினால் முழம் சறுக்கியது. வேலை, கல்யாணம் என்று ஆட்கள் கழன்றுகொண்டே வந்து மிஞ்சியவர்கள் சரியாகப் பத்துப் பேர். பதினைந்து பேர் ஆட வேண்டிய ஆட்டத்துக்குப் பத்துப் பேரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அப்போதுதான் டென்ஸ் போட்டி அறிவிப்பு வந்தது. பக்கத்துக்குப் பத்தே பேர், பாதிக்குப் பத்தே நிமிஷம், ஒரே நாளில் நாலு ஆட்டம், அதுவும் இவர்கள் மைதானத்திலேயே. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று குதித்தார் பயிற்சியாளர். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவர் அவர், எல்லோருக்கும் வாத்தியார். நாலு வாரம் இருந்தது. குறுகிய ஆட்டத்துக்கு மூச்சுதான் மூலதனம் என்று சொல்லி நாய் படாத பாடு படுத்தினார்.

ஆளுக்கு ஒரு சுருள் டேப் ஆகும். முதல் நாள் பத்துச் சுருள் கொண்டுபோனார் கட்டுக்காரர். வரிசையில் எப்போதும் கடைசியாக வருகிறவன் அவர் தங்கை மகன். ஓட்டத்தில் அம்புதான், பட்டறை வேலை முடிந்து வருவதால் வரிசைக்கு மட்டும் பிந்திவிடுவான். அன்று அவன் கால் வைத்தபோது டேப் தீர்ந்துபோயிருந்தது. எண்ணத் தெரியாதவனுக்கு இந்த வேலை எதற்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு, மிச்சம் மீதியை ஒட்டி அனுப்பினார்.

மறுநாள் பதினொன்று கொண்டுபோனார். பதினொன்றும் தீர்ந்தது.

மூன்றாம் நாள் மனசுக்குள் எண்ணிக்கொண்டே சுற்றினார். ஒன்பது முடிந்ததும் "அடுத்தது" என்றார். முக்காலியில் ஒரு கால் வந்தது. மழை பெய்து ஒரு மாதமாகி மைதானம் ஓடு மாதிரி காய்ந்து கிடக்க, இந்தக் காலில் மட்டும் சேறு ஒட்டியிருந்தது. தொட்டதும் விரல் மரத்துப் போனது. அவ்வளவு குளிர்ச்சி. கணுக்காலின் வெளியெலும்பு பட்டாணி போலத் துருத்திக்கொண்டிருந்தது. குதிகாலுக்கு மேல் பிறை போல ஒரு தழும்பு. கொக்கின் காலில் அந்தக் காயத்துக்கு மருந்து வைத்ததே அவர்தான். கையை எடுத்துவிடப் பார்த்தார். ஆனால் பத்தொன்பது வருஷப் பழக்கம் லேசுப்பட்டதா? கை பாட்டுக்குச் சுற்றியது, டிக் போட்டது. நிமிரத்தான் தைரியம் வரவில்லை. கால் தானாக இறங்கிப்போயிற்று. அடுத்து வந்து வைத்த கால் தங்கை மகனுடையது. வெதுவெதுப்பாக, பட்டறை எண்ணெய் வாடையோடு இருந்தது.

வாத்தியாரிடம் அரைகுறையாகச் சொல்லிப் பார்த்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரித்துவிட்டுப் போனார் அவர். வீட்டில் சொன்னால் இந்த வேலைக்கே முழுக்குப் போடவைத்துவிடுவாள் மனைவி. ஆகவே வாயை மூடிக்கொண்டு தினமும் பதினொரு சுருள் எடுத்துப்போனார். தினமும் அந்தக் கால் வெறுங்காலாக, தங்கை மகனுக்கு முன்னால் வந்தது. ஒன்றும் கேட்கவில்லை. இவரும் நிமிரவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் கடைசிப் பயிற்சி. தங்கை மகன் பந்தோடு பாய்ந்தபோது இருவர் மோதி வீழ்த்தினார்கள். பின்மண்டை தரையில் படும் சத்தம் படிவரிசை வரைக்கும் கேட்டது. பையன் எழுந்து சிரித்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள். கட்டுக்காரர் மட்டும் தட்டவில்லை. ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிட்டார். காலையில் பார்க்கலாம் மாமா என்று நழுவிவிட்டான். வீடு திரும்பியதும் தங்கை போனில் வந்தாள். சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டானாம், விளக்கு கண்ணைக் கூசுகிறதாம். "உன்ன நம்பித்தாண்ணே அவன அனுப்பறேன்" என்று சொல்லி வைத்தாள்.

மறுநாள் காலை. வெளியே கூட்டமும் ஒலிபெருக்கியும் காதைப் பிளந்தன. அறைக்குள் மட்டும் ஏனோ மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது. ஒன்பது பேருக்குக் கட்டி முடித்தார். பத்தாவதாகக் குளிர்ந்த கால் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. தங்கை மகன் நேராக வந்து காலைத் தூக்கி வைத்தான்.

இடது கால்.

இரண்டு வருஷமாக ஒரு நாள் தவறாமல் வலது காலை வைத்தவன். எந்தக் கால் என்பதே அவனுக்குப் பிசகிவிட்டது. கட்டுக்காரர் குனிந்தபடியே மூன்று விரல் காட்டினார்.

"மூணு," என்றான். "எனக்கு ஒண்ணுமில்ல மாமா. சீக்கிரம் கட்டுங்க."

சரியான பதில். அன்றைக்கும் சரியான பதில்தான். இவன் இல்லாவிட்டால் டீம் ஒன்பதாகிவிடும், நாலு வார உழைப்பு பாழ். கை டேப்பைச் சுற்றிவிட்டது. பேனா மூடி திறந்தது. ஒரு டிக், அரை நொடி வேலை. அப்போது அந்த இடது காலுக்குப் பக்கத்தில், அதே முக்காலியில், இன்னொரு கால் வந்து நின்றது.

இந்த முறை வெறுங்காலாக இல்லை. பழுப்பேறிய பழைய டேப், மடிப்புகளில் சேறு. நடுவில் நீல நிறத்தில் அவருடைய டிக்.

அதையே பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார். கத்தரியை எடுத்து, அந்தப் பழைய டேப்பைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி மெதுவாக வெட்டிக் கழற்றினார்.

"மாமா, எதை வெட்டறீங்க? அங்க ஒண்ணுமே இல்லையே," என்றான் தங்கை மகன்.

நிமிர்ந்தார். அவன் ஒருவன்தான் நின்றான். கத்தரி அலகில் ஈரச் சேறு ஒட்டியிருந்தது.

"நீ இன்னிக்கு ஆடல," என்றார்.

அவன் கத்தினான், கெஞ்சினான், அம்மா மேல் சத்தியம் செய்தான். சத்தம் கேட்டு வாத்தியார் ஓடிவந்தார். ஒன்பது பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, டிக்கைப் போடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

"மூணு வருஷமா நான்தான் பாத்துக்கிட்டிருக்கேன் வாத்தியாரே. ஒரு ஆளோட போதும்."

பேனாவை இரண்டாக ஒடித்துக் குப்பையில் போட்டார். தங்கை மகன் கோபமாக வாசலுக்கு நடந்தவன் நிலைப்படியில் தோள் இடித்து, அங்கேயே வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மண்டைக்குள் ரத்தம் கசிகிறது என்றார். இன்னொரு இடி விழுந்திருந்தால் இங்கே கொண்டுவந்தே இருக்க வேண்டாமாம். இப்போது பிழைத்துக்கொள்வான். தங்கைக்கு அதைச் சொல்லிவிட்டு நடைபாதை நாற்காலியில் விழுந்தபோது வாத்தியார் போனில் வந்தார். முதல் ஆட்டம் சமனில் முடிந்தது என்றார், பையன் எப்படி என்று கேட்டார், பிறகு குரலைத் தாழ்த்தினார். எதிர் டீம் கேப்டன் ஒரு தகராறு செய்கிறானாம். நாம் ஒன்பது இல்லை, பத்துப் பேர் ஆடினோம் என்கிறானாம். நடுவர் இரண்டு தடவை எண்ணியும் ஒன்பதுதான். ஓரக்கோட்டுப் பக்கம் ஒரு ஒல்லியான நெட்டைக்காரன் தன்னை மறித்தான் என்று அடித்துச் சொல்கிறானாம்.

"கால்ல கட்டு இருந்துச்சாமா?" என்றார் கட்டுக்காரர்.

பக்கத்தில் யாரிடமோ விசாரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு வாத்தியார் மெல்லச் சொன்னார்: "வெறுங்காலாம்."

போனை வைத்தார். கொக்கின் முகத்தை நினைத்துப் பார்த்தார். பட்டாணி எலும்பு வந்தது, பிறைத் தழும்பு வந்தது, முகம் வரவில்லை. நாலு வாரமாக எதிரே வந்து வந்து நின்றான். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். அதை நினைத்துத்தான், ஆட்கள் போய்வரும் நடைபாதை என்றும் பாராமல், கட்டுக்காரர் அழுதார்.